மண்ணுக்குள் நிற்கும் கால்கள்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும்படி ஏதாவது பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். ஊக்கமூட்டுவதற்கு என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மண்ணும் பைலிங்கும்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையில் இருக்கிறேன். ஆகவே அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

"பைலிங்குன்னா, காலையில தூங்க விடாம டம் டம்முன்னு அடிக்கிறாங்களே, அதுவா?" என்று முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். அதேதான் அம்மா. அந்தச் சத்தத்துக்கு உள்ளே ஒரு பெரிய சங்கதி இருக்கிறது. உங்கள் வீட்டோடு சம்பந்தப்பட்ட சங்கதி.

நம்மில் பலர் தோட்டத்து லயங்களில் பிறந்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை. அந்த வீடு எவ்வளவு கனம் இருந்துவிடும்? மண் அதைத் தாங்குவது ஒரு பொருட்டே இல்லை. இன்று நிலைமை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போய்விட்டன. சேமநிதிப் பணத்தைப் போட்டு, மிச்சத்துக்கு வங்கியில் கடன் வாங்கி, தாமான்களில் மாடி வீடு வாங்குகிறோம், அடுக்குமாடியில் குடியேறுகிறோம். வீடு பார்க்கப் போகும்போது ஓடு, கதவு, குழாய் எல்லாம் தட்டிப் பார்க்கிறோம். வீட்டின் கால்கள் மண்ணுக்குள் எப்படி நிற்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

பைல் என்றால் என்ன? பந்தல் போடும்போது தரையில் முளை அடிக்கிறோமே, அதற்குப் பெரிய அண்ணன். மரத்தில் உண்டு, இரும்பில் உண்டு, இன்று பெரும்பாலும் கான்கிரீட்டில்தான். கோல சிபெத்தாங் பக்கம், அந்நாளில் போர்ட் வெல்ட் என்போம், மாத்தாங் சதுப்புக் காட்டில் வெட்டும் பாக்காவ் கம்புகளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நூறாண்டுக்கு மேலாக, பயிர் வைப்பதுபோல் முறை போட்டு வெட்டி, மறுபடி வளர்த்து வரும் காடு அது. கால்வாய்களுக்கும் சிறு கட்டடங்களுக்கும் கீழே அந்தக் கம்புகளை வரிசையாக அடித்து வைப்பார்கள். மரமாயிற்றே, மக்கிப் போகாதா என்று கேட்பீர்கள். எப்போதும் நீரில் மூழ்கியே கிடந்தால் அது எளிதில் மக்காது. நீரும் காற்றும் மாறி மாறிப் பட்டால்தான் கெடும்.

ஏன் பைல் தேவைப்படுகிறது? கிள்ளானிலிருந்து தெலுக் இந்தான் வரை நம் மேற்குக் கரையோரத்தில் எங்கு தோண்டினாலும் மெத்தென்ற களிமண். தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய கோபுரம் சாய்ந்து நிற்பதை எல்லாரும் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். கோபுரத்தைக் கட்டியவர்கள் மேல் குற்றமில்லாமல் இருக்கலாம். அடியிலிருக்கும் மண் மெத்தை. அப்படிப்பட்ட இடத்தில் கட்டடத்தின் பாரத்தை ஆழத்தில் உள்ள கெட்டி மண்ணுக்குக் கொண்டு சேர்க்கத்தான் பைல்.

பாரத்தை அது இரண்டு விதமாகச் சேர்க்கிறது. மாணவர்களே, வீட்டில் அரிசிப் பீப்பாய் இருந்தால், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, முழங்கை வரை உள்ளே கையை நுழைத்துப் பாருங்கள். ஆழம் போகப் போக அரிசி கையைச் சுற்றிப் பிடிக்கும். அது பக்கப் பிடிப்பு. விரல் நுனி பீப்பாயின் அடியைத் தொட்டால் அதற்குமேல் இறங்காது. அது நுனித் தாங்கல். இருபது மீட்டர் பைலும் இதே மாதிரிதான் நிற்கிறது. மேலிருந்து நேராக அழுத்தினால் அதன் முழு உடம்பும் வேலை செய்கிறது. இந்த வகையில் பைல் ஒரு பெரிய பலசாலி.

ஆனால் கட்டடத்தின் மேல் பாரம் மட்டுமா வருகிறது? காற்று பக்கத்திலிருந்து தள்ளுகிறது. பாலத்தில் லாரிக்காரர் திடீரென்று பிரேக் போட்டால் பாலம் முன்னால் இழுபடுகிறது. துறைமுகத்தில் கப்பல் வந்து உரசுகிறது. இவையெல்லாம் பக்கவாட்டு விசை. இன்னொன்றும் உண்டு. நம் பள்ளித் திடலில் இருக்கும் கொடிமரத்தைப் பாருங்கள். காற்று கொடியை இழுப்பது உச்சியில். கொடிமரம் முறியப் பார்ப்பது அடியில். உச்சியில் விழும் சிறு தள்ளல், உயரத்தோடு பெருகி, அடியைத் திருப்பப் பார்க்கிறது. இதைத் திருப்பு விசை என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, கீழே அழுத்துவது, பக்கத்தில் தள்ளுவது, திருப்புவது என்று மூன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்குப் போடுவது கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடும். மூன்றும் ஒரே நேரத்தில் வரும்போதுதான் தலைவலி.

பக்கத்தில் தள்ளும்போது என்ன நடக்கிறது? வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியைப் போட்டுப் போட்டு அது ஒரு பக்கம் சாய்கிறது. அடியில் குனிந்து பார்த்தால், கம்பத்தின் ஒரு பக்கம் மண் நசுங்கியிருக்கும்; மறுபக்கம் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருக்கும். மழை பெய்தால் அந்தச் சந்தில் தண்ணீர் இறங்கும், கம்பம் மேலும் ஆடும். களிமண்ணில் நிற்கும் பைலுக்கும் இப்படித்தான் ஆகிறது. இருபது மீட்டர் நீளமுள்ள பைலாக இருந்தாலும், பக்கவாட்டுத் தள்ளலை எதிர்த்து நிற்பது மேலே உள்ள சில மீட்டர் மண்தான். தோராயமாக, பைலின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு ஆழம் என்று சொல்லலாம். விட்டம் 40 சென்டிமீட்டர் என்றால் 4 மீட்டர். அதற்குக் கீழே இருக்கும் 16 மீட்டரும், பக்கவாட்டு விஷயத்தைப் பொறுத்தவரை, தூங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாரத்தைத் தாங்குவது ஆழத்து மண். தள்ளலைத் தாங்குவது மேல்மண். மேல்மண் யார் கையில் இருக்கிறது? நம் கையில். அதைத்தான் நாம் தோண்டுகிறோம், வெட்டுகிறோம், குவிக்கிறோம்.

இப்போது மூன்றும் சேர்ந்து வருவதைப் பார்ப்போம். பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகள் இங்கே இருக்கிறார்கள். காண்டா வாளியில் பால் நிறைய இருக்கும்போது, தோளில் கம்பை வைத்துச் சமமான இடத்தில் நடந்து போவதில் சிரமம் இல்லை. பழகிய தோள். வெறுங்கையோடு நடக்கும்போது யாராவது விளையாட்டாக இடித்தாலும் சமாளித்துவிடலாம். ஆனால் நிறைந்த வாளிகளோடு, மழை பெய்த சரிவில் இறங்கும்போது, ஒரு சின்னப் பையன் வந்து இடித்தால் போதும். ஆளும் வாளியும் கீழேதான். தோளில் இருந்த பாரம் அதுவரை சும்மாதான் இருந்தது. உடம்பு ஒரு சாண் விலகியவுடன் அதே பாரம் ஆளைக் கவிழ்க்கும் பாரமாக மாறிவிடுகிறது.

ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பைலின் தலையில் 50 டன் பாரம். பக்கவாட்டுத் தள்ளலால் அதன் தலை 2 சென்டிமீட்டர், அதாவது 0.02 மீட்டர், விலகிவிட்டது. இரண்டையும் பெருக்குங்கள். 1 டன்-மீட்டர். ஒரு சின்னக் காரை ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனியில் தொங்கவிட்டால் கம்பின் மறுமுனை எப்படித் திருகுமோ, அந்த அளவு கூடுதல் வளைப்பு பைலுக்கு வந்து சேர்கிறது. விலகல் 10 சென்டிமீட்டர் ஆனால்? 5 டன்-மீட்டர். இந்த வளைப்பு பைலை இன்னும் கொஞ்சம் விலக்கும். விலகினால் வளைப்பு இன்னும் கூடும். கந்துவட்டிக் கடன் மாதிரி, தன்னாலேயே வளரும் சங்கதி இது. ஓர் அளவுக்குள் நின்றுவிட்டால் பிழைத்தோம். நிற்கவில்லையென்றால் பைல் முறியும்.

அப்படியானால் மேல்பாரம் எப்போதும் கெடுதலா? அதுவும் இல்லை. இதில்தான் மண்ணின் குணம் வருகிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து எழுதி 2006, 2007-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் உண்டு. கணினியில் மண்ணையும் பைலையும் சிறுசிறு துண்டுகளாக்கிக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மணலில் நிற்கும் பைலின் மேல் பாரம் இருந்தால், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் திறன் கூடுகிறது. களிமண்ணிலோ சற்றே குறைகிறது. மணலை அழுத்த அழுத்த மணிகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும். மெத்தென்ற களிமண்ணுக்கு அந்தக் குணம் உடனே வருவதில்லை. எனவே கடற்கரை மணலில் சரியாக நின்ற ஒரு திட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கிள்ளான் களிமண்ணில் வைக்க முடியாது. "அங்க நின்னுச்சே, இங்க ஏன் நிக்காது?" என்று கேட்கும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். நிற்காது ஐயா, மண் வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைல் அடித்த பிறகு அதைச் சோதிப்பது உண்டு. கான்கிரீட் கட்டிகளை மலைபோல் அடுக்கி, நடுவில் ஜாக்கி வைத்து, தாங்க வேண்டிய பாரத்தைப் போல் இரண்டு மடங்கு வரை அழுத்திப் பார்ப்பார்கள். பார்க்கவே பெருமிதமாக இருக்கும். பக்கத்தில் தள்ளிச் சோதிப்பது மிகக் குறைவு. மேலே அழுத்திக்கொண்டே பக்கத்திலும் தள்ளிச் சோதிப்பதை இந்த வேலையில் இருப்பவர்களிலேயே பலர் பார்த்ததில்லை.

இனி, சொல்வதற்கே மனம் கனக்கும் ஒரு சம்பவத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், சனிக்கிழமை, பகல் ஒன்றரை மணி வாக்கில், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடியின் முதலாம் புளோக் சாய்ந்தது. பன்னிரண்டு மாடி. 48 பேர் மாண்டனர். இரவு பகலாக இடிபாடுகளைத் தோண்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு நாடே சோறு தண்ணீர் இறங்காமல் இருந்தது.

அது ஏன் விழுந்தது? சிமெண்டு மட்டமா? மாடி அதிகமா? அந்தக் கட்டடம் பல ஆண்டுகள் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அதன் பைல்கள் தண்டவாள இரும்பு. தண்டவாளத் துண்டுகளைச் சேர்த்து மண்ணில் இறக்கியிருந்தார்கள். மேலிருந்து வரும் பாரத்துக்கு அவை போதும். போதும் என்பதற்கு அத்தனை ஆண்டு நின்றதே சாட்சி. ஆனால் தண்டவாளம் ஒல்லியான உடம்பு; பக்கத்திலிருந்து தள்ளினால் வளையும்.

தள்ளியது யார்? காற்றில்லை. கட்டடத்தின் பின்னால் ஒரு மலைச்சரிவு இருந்தது. படிப்படியாக வெட்டி, தடுப்புச் சுவர்கள் கட்டியிருந்தார்கள். மேலிருந்து வரும் நீர் ஒழுங்காக வடிய வழி இல்லை. அந்த மழைக்காலத்தில் சரிவு ஊறி, சுவர்கள் சரிந்து, மண் நகர்ந்தது. நகர்ந்த மண் கட்டடத்தின் கால்களைத் தள்ளியது. சற்றுமுன் சொன்னேன் அல்லவா, பைலைப் பக்கவாட்டில் தாங்க வேண்டியது மேல்மண்தான் என்று? இங்கே தாங்க வேண்டிய மண்ணே தள்ளத் தொடங்கிவிட்டது. மேலே பன்னிரண்டு மாடிப் பாரம் அப்படியே இருக்கிறது. கால்கள் விலகின. விலகியதும் அந்தப் பாரமே எதிரியானது. பைல்கள் வளைந்து முறிந்தன.

2000-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் ஒரு பகுதியை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். நிலச்சரிவால் வரும் பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி அடித்தளத்தை அமைத்திருக்க வேண்டும்; அல்லது பக்கத்துச் சரிவு உறுதியாக இருக்கிறது என்றாவது உறுதி செய்திருக்க வேண்டும்; இரண்டும் செய்யப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. "மலை என் நிலத்தில் இல்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது அன்று தெளிவானது. பொதுப்பணி இலாகாவில் சரிவுகளுக்கென்றே தனிப் பொறியியல் பிரிவு 2004-இல் அமைந்தது. காலம் கடந்துதான் அமைந்தது என்பது என் எண்ணம்.

மலை இல்லாத சமவெளியில் இப்படி நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். சீனாவின் ஷாங்காய் நகரம் ஆற்றோர மென்மண்ணில் அமைந்தது. அங்கே 2009-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், கட்டி முடியும் தறுவாயில் இருந்த 13 மாடிக் கட்டடம் ஒன்று மல்லாந்து விழுந்தது. நொறுங்கவில்லை. தூங்குகிறவன் மாதிரி முழுசாகப் படுத்துவிட்டது. அடியில் இருந்த பைல்கள் பிடுங்கிய கிழங்குபோல் முறிந்து தொங்கின. குடியேறும் முன்பே நடந்ததால் ஒரு தொழிலாளியின் உயிரோடு போயிற்று. அந்த ஒருவருக்கும் குடும்பம் இருந்திருக்கும்.

அங்கே என்ன செய்தார்கள்? கட்டடத்தின் ஒரு பக்கம் நிலத்தடிக் கார் நிறுத்தத்துக்காக 4.6 மீட்டர் ஆழம் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் கட்டடத்தின் மறுபக்கம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குக் குவித்தார்கள். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மலை. குவித்த மண் அடிமண்ணை அழுத்தி, குழி இருக்கும் பக்கம் பிதுக்கியது. பற்பசைக் குழாயை ஒரு பக்கம் அழுத்தினால் மூடி திறந்த பக்கம் வருமல்லவா? நடுவில் அகப்பட்டவை பைல்கள். அவை உள்ளே கூடான கான்கிரீட் பைல்கள். நேரே அழுத்தினால் நன்றாகத் தாங்கும், வளைத்தால் உடையும். ஹைலண்ட் டவர்ஸில் மழையும் மலையும் சேர்ந்து செய்ததை, ஷாங்காயில் மண்வெட்டும் இயந்திரத்தை வைத்து மனிதனே செய்தான்.

இதற்கெல்லாம் மருந்து இல்லையா? இருக்கிறது. கயிறிழுக்கும் போட்டியில் நம் பிள்ளைகள் காலை அகட்டி, பின்னால் சாய்ந்து நிற்கிறார்களே, அதுபோல் சில பைல்களைச் சாய்வாக அடிப்பார்கள். கப்பல் துறைகளில் அதிகம் பார்க்கலாம். பைலைப் பருமனாக்கலாம். மாணவர்களே, உருண்டைப் பைலின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வளையாமல் நிற்கும் திறன் எத்தனை மடங்காகும் தெரியுமா? இரண்டு இல்லை, நான்கும் இல்லை. 2-ஐ நான்கு முறை பெருக்குங்கள். 16 மடங்கு. பைல்களின் தலைகளை ஒரு கனத்த கான்கிரீட் பலகையால் சேர்த்துக் கட்டலாம். அப்போது திருப்பு விசை வந்தால் ஒரு பக்கத்துப் பைல்கள் கூடுதலாக அழுந்தும், மறுபக்கத்தவை கொஞ்சம் இலகுவாகும். தனியாக நின்று வளைவதற்குப் பதில் கூட்டாகச் சமாளிக்கும். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரம், 88 மாடி. ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 பைல்கள். அவற்றில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழம் போனவை உண்டு. மேலே 4.5 மீட்டர் கனத்தில் ஒரே கான்கிரீட் பலகை. முதலில் குறித்த இடத்தில் கீழே ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறை, பொந்துகள் வேறு. ஆகவே கோபுரங்களையே சுமார் 60 மீட்டர் தள்ளி அமைத்தார்கள். மண்ணுக்குப் பயந்து கோபுரம் இடம் மாறியது.

பினாங்கில் 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தைப் பற்றி இந்தச் சபையில் சொல்லாமல் போக முடியாது. ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளம். நிலநடுக்கம் வந்தால் பக்கவாட்டு ஆட்டம் பைல்களை முழு வேகத்தில் தாக்கக்கூடாது என்பதற்காக, பாலத்தின் மேல்தளத்துக்கும் தூண்களுக்கும் இடையில் மெத்தைகள் வைத்திருக்கிறார்கள். எதனால் செய்த மெத்தை? இயற்கை ரப்பர். நீங்களும் உங்கள் பெற்றோரும் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு வெட்டியெடுத்தீர்களே, அதே சாதிப் பால். அடுத்த முறை அந்தப் பாலத்தில் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நேரமாகிறது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வீட்டுச் சமாசாரத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

மென்மண் தாமான்களில் வீடு பைல் மேல் நிற்கும். பண்டிகைக்கு முன் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டுகிறோம். குத்தகைக்காரர் பைல் இல்லாமல் சும்மா கொத்திப் போட்டுவிட்டு, புதுச் சுவரைப் பழைய வீட்டோடு இறுக்கிக் கட்டிவிடுவார். பழைய வீடு நிற்கும், புதியது இறங்கும். இறங்கும்போது பழைய வீட்டையும் இழுக்கும். ஓராண்டில் இணைப்பில் விரல் நுழையும் வெடிப்பு. "பூச்சு சரியில்லை" என்று மறுபடி பூசுவார்கள், மறுபடி வெடிக்கும். நீட்டும் பகுதிக்கும் பைல் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுத் தனியாக நிற்கும்படி கட்டச் சொல்லுங்கள். எதைச் செய்தாலும் நகராண்மைக் கழக அனுமதி எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்ட விடாதீர்கள். மண் லாரி வந்தால், "இங்கேயே கொட்டிட்டுப் போப்பா" என்று ஒரு பக்கமாகக் குவிக்கச் சொல்லாதீர்கள். ஒரு கனமீட்டர் ஈரமண் ஏறக்குறைய இரண்டு டன்.

சரிவுக்குக் கீழே வீடு இருப்பவர்கள் தடுப்புச் சுவரைக் கவனியுங்கள். அதில் வரிசையாகச் சிறு ஓட்டைகள் இருக்கும். பாம்பு வருகிறது, அழுக்குத் தண்ணீர் வருகிறது என்று சிலர் சிமெண்டு வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கும். 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் நீர் நிரம்பினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நீர் மட்டும் நாலரை டன் தள்ளும். 6 மீட்டர் சுவர் என்றால் 18 டன். உயரம் இரண்டு மடங்கு, தள்ளல் நான்கு மடங்கு. அந்த ஓட்டைகளை மாதம் ஒருமுறை குச்சி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பெருமழையில் வழக்கமாக நீர் வடியும் ஓட்டை திடீரென்று காய்ந்து கிடந்தாலோ, தெளிந்த நீருக்குப் பதில் சேறு வந்தாலோ, சுவர் வயிறு தள்ளினாலோ, சரிவில் நிற்கும் மரங்களும் வேலிக் கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ, நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்த வராமல் முட்டினாலோ, பூச்சு வேலைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். நகராண்மைக் கழகத்துக்கு எழுதிக் கொடுங்கள், படம் எடுத்து இணையுங்கள், தேதி போட்டு ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் எழுத வராத தாத்தாவுக்கு ஆறாம் வகுப்புப் பேரன் எழுதித் தரலாம். மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது இந்த அடையாளங்கள் தெரிந்தால், கடிதமெல்லாம் பிறகு. முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

புது வீடு வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் நான்கே கேள்வி கேளுங்கள். இந்த மனை வெட்டிய மண்ணா, கொட்டி நிரப்பிய மண்ணா? பைல் இருக்கிறதா, என்ன பைல், எத்தனை ஆழம்? பின்னால் இருக்கும் சரிவு யாருடையது, அதை யார் பராமரிக்கிறார்கள்? மழைநீர் எந்த வழியாகப் போகிறது? அவர் சிரிப்பார். "அங்கிள், கிச்சன் கேபினட் இலவசமா தர்றோம்" என்று பேச்சை மாற்றுவார். கேபினட்டை வாங்கிக்கொள்ளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிசுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நெளியத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் வெடிப்பு இருக்கிறது என்பவர்கள் தேநீர் வேளையில் என்னிடம் வந்து சொல்லுங்கள், கைப்பேசியில் படம் இருந்தால் காட்டுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.